மூன்றாம் பிரதி

அன்று சங்கக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் பதினாறு பேர். நீங்கள் கேட்டபடியால் ஒவ்வொருவராகச் சொல்கிறேன், ஐயா. வெளிநாட்டார் மூவர், இரண்டு ஆண், ஒரு பெண். அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்ல ஒருவர், உங்களைப் போல. ஊரவர் பன்னிரண்டு பேர்: யோக்கீம், பவுலினம்மா, செபமாலை, லெம்பேட், எமில், இஞ்ஞாசி, என் மருமகன் லியோன், குரூஸ், குரூசின் மனைவி ரோசலின், கோயிலில் செபம் சொல்லிக் கொடுக்கும் வேதநாயகம், பாலர் பள்ளி ரீச்சர் கிறேஸ், கடைசியாக நான். சாரதி வாகனத்தை விட்டு இறங்கவில்லை. அவரைச் சேர்த்தால் பதினேழு. நீங்கள் கூரைக்குள் இருந்தவர்களைத்தான் கேட்டீர்கள். ஆகவே பதினாறு.

சீனி பணிஸ் இருபது வந்தது. ஆளுக்கு ஒன்று. மிச்சம் நாலு.

அந்தக் கதிரையில் வேண்டாம் ஐயா, இதில் இருங்கள். அது லியோனுடையது. வேறு யாரும் இருந்தால் என் மகள் ஜெசிந்தாவுக்குப் பிடிக்காது. சொல்ல மாட்டாள். ஆனால் பிடிக்காது.

உங்களோடு வந்த வெளிநாட்டார் கடற்கரையைப் பார்த்துவிட்டு வரட்டும். அதற்குள் நான் சொல்லி முடித்து விடுவேன். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. எட்டாம் வகுப்போடு நின்றவன். கூட்டம் என்றால் கடைசி வாங்கில் இருப்பேன். இந்தக் கண்டல்முனைக் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் நான் செயலாளராக இருப்பது பேச்சால் அல்ல, கையெழுத்தால். சந்தியோகுவின் எழுத்தைக் கண் தெரியாதவனும் வாசிப்பான் என்று யோக்கீம் பகிடி விடுவான். அழுத்தி எழுதுவேன். அது என் பழக்கம்.

பாஸ் கொப்பி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் ஊரில் கடலுக்குப் போகிறவன் சும்மா போக முடியாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், படகு இலக்கம், வீடு எங்கே, எல்லாம் கொப்பியில் ஏறவேண்டும். காபன் தாள் இரண்டு வைத்து மூன்று பிரதி. முதலாவது கரையில் சரிபார்க்க நிற்கும் ஆளுக்கு. இரண்டாவது சங்கத்துக்கு. மூன்றாவது சந்தியில் இருக்கும் முகாமுக்கு, பின்னேரம் ஐந்து மணிக்கு முன். அந்த முகாமில் இருந்தவர்கள் என் காலத்தில் மூன்று தடவை மாறினார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுத்தான் மாறினார்கள். சீருடை மாறியது, கொடி மாறியது. வந்தவன் எவனாக இருந்தாலும் முதல் நாள் கேட்டது மூன்றாம் பிரதியைத்தான்.

ஒரு தடவை பிழைத்தது. என்னுடைய பிழைதான், ஒளிக்க மாட்டேன். போனது முப்பத்தொன்று என்று எழுதினேன். உண்மையில் முப்பதுதான். செபமாலையின் தம்பிக்கு வயிற்றுக் குத்து, கரையோடு திரும்பிப் போய்விட்டான், நான் கவனிக்கவில்லை. பின்னேரம் முப்பது பேர் திரும்பினார்கள். ஒருவன் எங்கே? யாரிடம் போனான்? என்ன கொண்டு போனான்? வீட்டில் பாயில் படுத்திருந்தவனைக் கொண்டுபோய்க் காட்டினோம். நம்பவில்லை. இருபத்திரண்டு நாள் கடல் பூட்டிக் கிடந்தது. ஆண்கள் எல்லாரும் சந்தியில் வெயிலில் முழங்காலில் நின்றார்கள், நானும் நின்றேன். ஓர் ஒன்றுக்காக. அன்றிலிருந்து இன்றுவரை என் கொப்பியில் ஒரு பிழை இல்லை. அப்படி ஒரு பிழையை யாரும் காட்டினால் செயலாளர் வேலையை விட்டுவிடுகிறேன்.

சரி, அந்தக் கூட்டம்.

அப்போது சண்டை நின்றிருந்தது. நின்றது என்று இரண்டு பகுதியும் காகிதத்தில் எழுதியிருந்தன. பேச்சுவார்த்தை முறிந்து எட்டு மாதம். நாலு நாடுகள் சேர்ந்து இரண்டு பகுதியையும் திரும்ப மேசைக்குக் கொண்டுவர முயற்சி எடுக்கின்றன, அதற்கு முதல் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வந்திருக்கிறோம், உள்ளூர்த் தேர்தல் ஒழுங்காக நடக்கவேண்டும், ஊருக்கு ஊர் ஜனநாயகக் குழு அமைக்கவேண்டும். இப்படி அந்த வெள்ளைக்கார அம்மா சொன்னார். நல்ல மனிசி. எங்கள் வாங்கிலேயே இருந்தார். பணிசையும் தின்றார்.

யோக்கீம் சும்மா இருப்பானா? "நாலு நாடு சேந்து இருவது பணிஸ்! நாட்டுக்கு அஞ்சு வருது, பிழையில்லை" என்றான். அதைத் தமிழாக்கினவர் சொல்லாமல் விழுங்கப் பார்த்தார். அம்மா விடவில்லை, சொல்லவைத்துச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு வாய் திறந்தது.

யோக்கீம் கடலைப் பற்றிச் சொன்னான். பவுலினம்மா தன் மகனைப் பற்றிச் சொன்னா, யார் கூட்டிக்கொண்டு போனது, எந்த மரத்தடியில் வைத்து, என்ன நிறச் சேர்ட். செபமாலை, லெம்பேட், எமில், இஞ்ஞாசி, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பிறகு லியோன் எழும்பினான்.

லியோன் கதைக்கிற ஆள் இல்லை. என்னைப் போலத்தான். ஜெசிந்தாவைக் கட்டி ஆறு வருடத்தில் என்னோடு அவன் கதைத்ததைக் கூட்டினால் ஒரு பின்னேரத்துக்குக் காணாது. ஆனால் நல்லவன். வலை பொத்தினால் பொத்தின கண் எது என்று தெரியாது. போன தேர்தலுக்கு எதிர்த்தீவு வாக்குப் பெட்டியை ஏற்றி இறக்கினது அவனுடைய படகுதான்.

அவன் சொன்னான்: "விடிய ஏழு மணிக்குப் பெட்டியை என்ரை படகிலை ஏத்தினவை. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சனான். ஒரு சனமும் அப்ப வோட்டுப் போடேல்லை. பின்னேரம் இறக்கேக்கையும் நான்தான் பிடிச்சனான். ரெண்டு நேரமும் ஒரே பாரம்."

அம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவன் திரும்பச் சொன்னான். "காலமையும் பாரம், பின்னேரமும் பாரம்." அம்மா இரண்டு தடவையும் எழுதினார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். என் மருமகன் நிறை பார்த்துச் சொல்கிறான் என்று.

முடிவில் வரவுத் தாள் ஒன்று எடுத்தார்கள். எந்தக் கூட்டம் நடத்தினாலும் அவர்களுக்கு அது வேண்டும், எத்தனை பேர் வந்தார்கள் என்று தங்கள் நாட்டில் காட்டவேண்டுமாம். அம்மா சொல்லித் தமிழாக்கினவர் சொன்னார், அப்படியே சொல்கிறேன்: "பேர் எழுத விருப்பமில்லாத ஆக்கள் எழுத வேண்டாம். ஒரு கோடு கீறினாலும் போதும். எண்ணிக்கைதான் முக்கியம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை ஐயா. கோடு கீறிவிட்டு எவனாவது கடலுக்குப் போக முடியுமா? இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நாட்டார் சேர்ந்து, கடைசியில் ஒரு தாளில் பன்னிரண்டு கோடு. அதை எந்த மேசையில் வைப்பது? யார் நம்புவார்கள்? நான் கூச்சத்தை விட்டு எழும்பி, தாளை நான் எழுதித் தருகிறேன் என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான். அம்மா தலையாட்டினார். உங்கள் விருப்பம் என்றார்.

பாஸ் கொப்பி கையில் இருந்தது. அதிலேயே புதுப் பக்கம் எடுத்தேன். கோடு அடித்தேன். இலக்கம், பெயர், அட்டை இலக்கம், வீடு, சொன்ன விசயம். ஐந்து நிரல். நீலக் காபன் இரண்டு வைத்தேன்.

பவுலினம்மா சிரித்தா. "சந்தியோகு அண்ணை மோட்ச வாசலிலையும் திறப்போடை நிக்கிற இராயப்பரிட்டை அடையாள அட்டை கேப்பார். 'திறப்பு இருக்கட்டும், இலக்கத்தைச் சொல்லும்' எண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேசின ஒழுங்கிலேயே எழுதினேன். யோக்கீம் ஒன்று, பவுலினம்மா இரண்டு, அப்படி. பாதியில் கை வலித்ததால் தாளை லியோனிடம் நீட்டி, உன்னுடையதை நீயே எழுது என்றேன். ஏழாவது. அவன் எழுதித் தந்தான். வாசித்துப் பார்க்கிறேன், 'சேவியர்' என்று எழுதியிருக்கிறான். அட்டை இலக்கத்தில் எட்டு இலக்கம்தான். ஒன்று குறைகிறது. வீடு என்ற இடத்தில் எதிர்த்தீவு என்று போட்டிருக்கிறான்.

"இது ஆர் சேவியர்?" என்று கேட்டேன்.

"விடுங்கோ மாமா."

"எதிர்த்தீவிலை உனக்கேதடா வீடு?"

"விடுங்கோ மாமா. வெறும் கடதாசிதானே."

"வெறும் கடதாசி எண்டால் ஏன் எழுதச் சொல்லுகினம்?"

அவன் வாசலைப் பார்த்தான். வாசலில் ஒருவரும் இல்லை. நான் 'சேவியர்' மேல் ஒரு கோடு போட்டு வெட்டினேன், மேலே லியோன் என்று எழுதினேன். அவனுடைய அட்டை இலக்கம் எனக்கு மனப்பாடம், எழுபத்தாறில் தொடங்கும். ஒன்பது இலக்கமும் எழுதினேன். வீடு, சங்கக் கட்டடத்துக்குப் பின் மூன்றாவது, வாசலில் பச்சைப் படலை. இந்த வீடுதான். வெட்டின இடத்தில் என் சிறு கையெழுத்தும் வைத்தேன். திருத்தம் என்றால் அப்படித்தான் வைக்கவேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பணிசைத் தின்னாமல் கையில் வைத்திருந்தான், ஜெசிந்தாவுக்கென்று.

முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். கறுப்புப் பேனா எழுத்து, சுத்தமான பிரதி. இரண்டாவதைச் சங்கக் கோவையில் போட்டேன். மூன்றாவதை வழமை போலப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் சந்தியில் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் வைத்த கையெழுத்தும் இருக்கிறது, கோவையில் காட்டுகிறேன். கொடுக்காமல் எப்படி விடுவது ஐயா? கொப்பியில் எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் குறைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொன்னேன்தானே. இருபத்திரண்டு நாள்.

ஒன்பதாம் நாள் யோக்கீமைக் காணவில்லை. கடலுக்குப் போகும் முன், படகடியில் வைத்து. படகு நங்கூரத்தோடு நின்றது. சாரத்தில் சுற்றின சோறு முன்பக்க அணியத்தில் இருந்தது.

இருபதாம் நாள் பவுலினம்மா. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். குடம் நிறைந்தபடி நின்றது.

பிறகு செபமாலை. பிறகு எமில். எமில் ஐந்தாவது. நாலாவதான லெம்பேட் புத்தளத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்த மூன்றாம் நாள் அவனையும் கொண்டுபோனார்கள். அந்த ஓரிடத்தில்தான் ஒழுங்கு பிசகியது, அதுவும் அவன் ஊரில் இல்லாதபடியால். மற்றபடி தாளில் எப்படி இருந்ததோ அப்படி. பிறகு இஞ்ஞாசி. இஞ்ஞாசி மட்டும் கிடைத்தான். உப்பளத்து வரம்பில். கைகள் பின்னால்.

நான் முகாமுக்கு எழுதினேன். வெளிநாட்டாரின் அலுவலகத்துக்கும் எழுதினேன், பதிவுத் தபாலில். உங்கள் வாகனம் அன்று திரும்பிப் போகும்போது சந்தியில் மறித்து நாற்பது நிமிடம் சோதித்தார்கள், அப்போது தாளைப் படம் எடுத்திருக்கவேண்டும், நீங்கள் கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று எழுதினேன். அம்மா பதில் போட்டார். மிகவும் கவலையடைகிறோம் என்று. தாளைத் தாங்கள் அன்றே எரித்துவிட்டதாகவும், வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். எழுத என்ன, எழுதலாம். எரித்ததை யார் கண்டது? என்னிடம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து இருக்கிறது. அவர்களிடம் என்ன இருக்கிறது?

லியோனை மத்தியானம் இரண்டு மணிக்குக் கொண்டுபோனார்கள். அவன் அதோ அந்தப் படலையடியில் வலை பொத்திக்கொண்டிருந்தான். நான் இந்த மேசையில். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் ஒரு வாகனம், இலக்கத் தகடு இல்லை. ஒருவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான்.

"சேவியர் ஆர்?" என்றான். பிறகு மற்றவன் எட்டிப் பார்த்து, "சேவியர் இல்லையடா, அதை வெட்டிக் கிடக்கு. மேலை பார். லியோன்" என்றான். "பச்சைப் படலை. சரி."

லியோன் ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பினான். என்னைப் பார்த்தான். நான் எழும்பிப் போய், அட்டை இலக்கத்தைச் சரிபாருங்கோ, வேறை ஆளாகவும் இருக்கலாம் என்றேன். அவர்கள் சரிபார்த்தார்கள். ஒன்பது இலக்கமும் ஒத்துப்போனது.

ஜெசிந்தா படலையில் நின்றாள். அந்தத் தாளைக் கிட்ட நின்று பார்த்தவள் அவள்தான். வாகனம் போன பிறகு உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்: "நீலம், அப்பா. எழுத்து நீலம்."

நான் சொன்னேன், வெயிலுக்குக் கறுப்பும் நீலமாகத் தெரியும் என்று. உண்மைதானே ஐயா? மத்தியான வெயில். கண் கூசும். காபன் நீலம் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். வாகனம், சோதனை, படம், எல்லாம் திகதியோடு சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள்.

அது நடந்து பதினான்கு மாதம். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அவளுக்குத் தலையிடி. சாப்பாடு நேரத்துக்கு வரும், அதில் குறை சொல்ல மாட்டேன். கோப்பையை வைத்துவிட்டுப் போவாள். கவலை இருக்கும்தானே. என்மேல் கோபம் என்று கிறேஸ் ரீச்சர் ஒரு நாள் சொன்னா. என்மேல் என்ன கோபம்? அவனைத் தேடி நான் எழுதின கடிதம் முப்பத்தேழு.

ஏழாவதோடு நின்றது. ஏன் நின்றது என்று தெரியாது. முகாமில் ஆட்கள் மாறியபடியால் என்று வேதநாயகம் சொல்கிறார். எட்டாவது குரூஸ், ஒன்பதாவது ரோசலின், இரண்டு பேரும் தங்கள் முறை வருமுன் படகேறி இராமேஸ்வரம் போய்விட்டார்கள். அந்தப் பாஸையும் நான்தான் எழுதினேன். மீன்பிடிக்க என்று எழுதினேன், அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள். இப்போது அங்கே எந்த அகதி முகாமில், எத்தனையாம் குடிசையில் இருக்கிறார்கள் என்பது என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் தருகிறேன்.

ஆக, பன்னிரண்டில் ஏழு போனது. இரண்டு இந்தியாவில். ஊரில் இருப்பது பத்தாவது, பதினோராவது, பன்னிரண்டாவது. வேதநாயகம், கிறேஸ், நான். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் நல்ல செய்தியோடு வந்திருக்கிறீர்கள். இரண்டு பகுதியும் திரும்ப மேசைக்கு வரப்போகின்றன, இந்தத் தடவை ஆறு நாடுகள், வாக்குப் பெட்டி விசயத்தை விசாரிக்கப் போகிறார்கள், சாட்சி சொன்னவர்கள் வேண்டும் என்கிறீர்கள். வேண்டியதுதான். சாட்சி இல்லாமல் எப்படி? பெட்டியைத் தூக்கினவன் இல்லை. ஆனால் அவன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறோம். மற்றவர்கள் சொன்னதும் ஐந்தாம் நிரலில் இருக்கிறது.

எழுதவேண்டாம், சும்மா சொன்னால் போதும் என்று நீங்களும் சொல்கிறீர்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் சொன்னார். பாருங்கள், எழுதினபடியால்தான் இன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது. எழுதாவிட்டால் அந்த ஏழு பேரும் அன்று அங்கே இருந்தார்கள் என்பதற்கே அத்தாட்சி இல்லை.

நீங்கள் வருமுன்பே பக்கத்தை ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறேன். கொப்பி அதேதான். இந்த மேசையில் வைத்து எழுதினால் கை ஆடாது.

வா பிள்ளை, தேத்தண்ணியை இதில் வை. ஐயா, இதுதான் ஜெசிந்தா. பிள்ளை, இவர் அந்த வெளிநாட்டாரோடு வந்தவர்.

என்ன?

பிரதியா? மூன்று, பிள்ளை. வழமை போல.

கேட்டீர்களா ஐயா! கதைத்தாள். "எத்தினை பிரதி, அப்பா?" என்று கேட்டாள். அப்பா என்று சொல்லிக் கேட்டாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு. உங்களுடைய வருகை நல்ல வருகை. இனி ஒவ்வொன்றாகக் கதைப்பாள். இப்போது அலுமாரியைத் திறக்கிறாள். காபன் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள், எனக்குக் கொண்டுவந்து தரப்போகிறாள் போல. இல்லை. குசினிக்குப் போகிறாள்.

மணக்கிறதா? அது காபன். எரிந்தால் இப்படித்தான், மெழுகு மணம், தொண்டையைப் பிடிக்கும். பெட்டியில் அறுபத்திரண்டு தாள் இருந்தது. அடுப்பு மூட்ட எவ்வளவு பன்னாடை இருக்கிறது, அதை விட்டுவிட்டு. தலையிடி வந்தால் இப்படித்தான். என்ன செய்கிறோம் என்று தெரியாது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கதைக்கத் தொடங்கினவள், நான் ஏதும் சொல்லிக் குழம்பக் கூடாது.

சரி, எழுதுவோம். பத்து, வேதநாயகம். கோயிலுக்கு வடக்கே, ஓட்டு வீடு. அவர் மாலையில் ஆறு மணிக்குத் தனியாகத்தான் கோயிலைப் பூட்டுவார், அந்த நேரம் போனால் ஆளைப் பிடிக்கலாம், உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். பதினொன்று, கிறேஸ். பாலர் பள்ளிக்குப் பின்னால் தகர வீடு. தாயும் அவவும் மட்டும்.

ஏன் ஐயா தாளில் கையை வைக்கிறீர்கள்? இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். பக்க இலக்கம் போட்ட கொப்பி. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுகிறது.

காபனுக்கா கவலைப்படுகிறீர்கள்? பெட்டியில் இருந்ததுதான் போனது. இந்தப் பக்கத்துக்கு நான் காலையிலேயே வைத்துவிட்டேன். தாளைத் தூக்கிப் பாருங்கள், அடியில் இருக்கிறது. மிச்சம் இரண்டு.